பரணி ஏந்திய பெண்ணும் கியூ.சி. அண்ணையும்

செத்தவீட்டில் எழுந்து நின்று திருத்தம் சொன்ன ஒரு மனிதரை நான் ரொறன்ரோவில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். பெட்டிக்குள் கிடந்தவர் எங்கள் கட்டடத்தின் நாலாம் மாடியில் இருந்த முதியவர். அவருடைய மருமகன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "மாமா தலைமை ஆசிரியராகக் கடமையாற்றி ஓய்வு பெற்றவர்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"பதில் தலைமை ஆசிரியர்."

மருமகன் விளங்காமல் பார்த்தார்.

"அவர் நிரந்தரத் தலைமை ஆசிரியராய் இருக்கேல்லை. பதில் கடமைதான் பாத்தவர். நல்ல மனுசன். ஆனா பதில்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். முன்வரிசையில் அழுதுகொண்டிருந்த மனைவி அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். புருஷன் செத்ததைவிட அந்தப் 'பதில்' அவருக்குக் கூடுதலாக வலித்திருக்க வேண்டும்.

திருத்தம் சொன்ன அந்த மனிதரைக் கட்டடத்தில் எல்லோரும் கியூ.சி. அண்ணை என்றுதான் சொல்வோம். கார்களுக்குப் பிளாஸ்ரிக் பாகங்கள் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு வேலை. பெல்ற்றில் வருகிற சாமான்களில் கீறல், வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, பிழையானதைக் கழித்துப் போட வேண்டும். அதற்குப் பெயர் குவாலிற்றி கொன்ட்ரோல், சுருக்கமாகக் கியூ.சி. மற்றவர்கள் ஷிப்ற் முடிந்ததும் வேலையைத் தொழிற்சாலையில் விட்டுவிட்டு வருவார்கள். இவர் அதைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்தார். பலசரக்குக் கடையில் 'அசல் யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள்' என்று எழுதிய பக்கற்றை எடுத்து, நாலு சனத்துக்கு முன்னால், "உது இஞ்சை திரிச்சது" என்பார். கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பார். கல்யாணவீட்டில் மாப்பிள்ளையை என்ஜினியர் என்று அறிமுகம் செய்தால், "படிக்கிறார், இன்னும் முடிக்கேல்லை" என்பார். பேசுவதற்கு முன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். அந்தத் துடைப்பைக் கண்டால் நான் பேச்சை மாற்றப் பார்ப்பேன். யாருக்கோ இருக்கிறது என்று அர்த்தம்.

தன்னையும் அவர் விட்டுவைத்தவரில்லை என்பதை நான் சொல்ல வேண்டும். ஊரில் ஏ.எல். எனப்படும் உயர்தர வகுப்புக்குக் கிரேக்க, உரோமச் சரித்திரம் படிப்பித்தவர். ஒருநாள் யாரோ அவரைப் 'பேராசிரியர்' என்று மேடைக்குக் கூப்பிட்டபோது, மேடைக்கு ஏறாமல் கீழே நின்றபடியே, "நான் உதவி ஆசிரியர். அதுவும் சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியராய்ச் சேந்தது" என்றார். நான் ஒருமுறை பகிடியாகக் கேட்டேன்.

"யாழ்ப்பாணத்திலை கிரேக்கச் சரித்திரத்தை ஆர் அண்ணை படிச்சவை?"

"எட்டுப் பேர். அதிலை அஞ்சு பேர் ஃபெயில்."

அவருக்குக் கல்யாணம் ஆகாததற்கும் இதுதான் காரணம். பெண் பார்க்கப் போன வீட்டில், கேட்காமலேயே, தனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது, தலைக்குச் சாயம் அடித்திருக்கிறேன், சொன்ன வயதோடு ரெண்டு கூட்டிக்கொள்ளுங்கள் என்று தேத்தண்ணி வருமுன் சொல்லி முடித்துவிட்டாராம். தேத்தண்ணி வரவேயில்லை என்று என் கணவர் சொல்லிச் சிரிப்பார்.

சிரிக்க முடியாதவையும் இருந்தன. வெலஸ்லிக்கும் பார்லிமென்ற் வீதிக்கும் பக்கத்திலிருந்த அந்த உயரக் கட்டடங்களில், ஓர் அறை வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. வந்த புதிதில் எல்லோரும் அப்படித்தான் கிடந்தோம். நிலத்தில் மெத்தையைப் போட்டுப் பகலில் ஒரு ஷிப்ற், இரவில் ஒரு ஷிப்ற் என்று படுத்தெழும்புவோம். கட்டடத்தைப் பராமரிக்கிற சூப்பரின்டென்ட் வந்து கேட்டால் கட்டடம் முழுவதற்கும் ஒரே பதில்தான்: தெரியாது. ஒருநாள் லிஃப்ற்றுக்குள் அவன் இவரைப் பிடித்து, உங்கள் பக்கத்து வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டிருக்கிறான். இவர் ஏழு என்று சொல்லிவிட்டார். கைக்குழந்தையோடு அந்தச் சனம் பனிக்குள் வீடு மாற வேண்டி வந்தது. என் கணவர் கொதித்துப்போய் அவரிடம் போனார்.

"தெரியாது எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் என்ன அண்ணை குறைஞ்சு போடுவியள்?"

"எனக்குத் தெரியும்தானே" என்றார் அவர்.

அதில் திமிர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. மூட்டை கட்டிய அந்தச் சனத்தின் சாமான்களை லிஃப்ற் வேலை செய்யாத நாளில் தோளில் சுமந்து கீழே இறக்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

ஆனால் இதே மனிதரைத்தான் எல்லோரும் தேடிப் போனோம். ஆஸ்பத்திரியிலிருந்து ஆறாம் மாடி ஐயாவுக்குக் கடிதம் வந்தபோது, அவருடைய பிள்ளைகள் அதை வாசித்து, "அல்சர் அப்பா, மருந்து குடிச்சால் மாறும்" என்றார்கள். ஐயா அந்தக் கடிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு கியூ.சி. அண்ணையிடம் வந்தார். இவர் அதில் இருந்ததை இருந்தபடி வாசித்தார். கான்சர் என்றார். ஈரலுக்கும் போய்விட்டது என்றார். பிள்ளைகள் அதன்பிறகு கியூ.சி. அண்ணையின் முகத்தில் முழிக்கவில்லை. ஐயா மட்டும், வருடக்கணக்காகப் பேசாமலிருந்த தம்பியை விட்பி என்ற பக்கத்து ஊரிலிருந்து கூப்பிட்டுக் கட்டிப்பிடித்து அழுதார். சாகும்வரை கியூ.சி. அண்ணை வந்தால் கையைப் பிடித்துக்கொண்டே இருப்பார். 'அவர் சொன்னால் சரியாய்த்தான் இருக்கும்' என்று ஒரு பேச்சு எங்கள் கட்டடத்தில் இருந்தது. சண்டைகூட அந்தச் சொல்லோடு அடங்கிவிடும்.

இப்போது என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளைச் சொல்லாமல் இவரைச் சொல்லி முடிக்க என்னால் முடியாது.

அக்காவுக்கு ஒரே மகன். தீவுப்பகுதியிலிருந்து இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்தில் இருந்தபோது, ஒரு விடியற்காலை ஆமிக்காரர் றோட்டைச் சுற்றி வளைத்து அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு நின்ற பெடியன். அக்கா காம்ப் காம்பாக ஏறி இறங்கினாள். அப்படி ஒருவனைத் தாங்கள் பிடிக்கவில்லை என்றார்கள். உயிரோடு இருக்கிறான் என்று யாரும் சொல்லவில்லை. செத்தான் என்றும் யாரும் சொல்லவில்லை. தனியாகக் கிடந்து அலைகிறாளே என்று நான் அவளை ஸ்பொன்சர் செய்து கனடாவுக்குக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்று மாதக்கணக்காக நின்றாள். கடைசியில், வீட்டுச் சுவரில் என் ரெலிபோன் நம்பரைக் கரியால் பெரிதாக எழுதிப்போட்டு, மழை படாமல் இருக்கக் கூரைத் தகரத்தையும் சரிசெய்துவிட்டுத்தான் பிளேன் ஏறினாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு ரெலிபோன் அக்காவின் சொத்தாகிவிட்டது. யாரும் அதில் நீட்டிப் பேசக்கூடாது. என் மகள் பள்ளிக்கூடத்துச் சிநேகிதியோடு கதைத்துக்கொண்டிருந்தால் அக்கா பக்கத்தில் போய் நின்று, "வை பிள்ளை, அண்ணா எடுப்பான்" என்பாள். அது அடித்தால் சமையலறையிலிருந்து கை கழுவாமல் ஓடிவருவாள்.

எங்கள் வீட்டுக்கு ஒரு ஓவியப் படம் வந்தது அடுத்த வருடக் கோடையில். யூனியன்வில்லில் ஒரு வெள்ளைக்காரக் கிழவியின் வீட்டு வாசலில் கறாஜ் சேல், பழைய சாமான் விற்பனை. நானும் அக்காவும் சட்டி பானை பார்க்கப் போனோம். சுவரோடு சாத்திவைத்திருந்த ஒரு பெரிய படத்துக்கு முன்னால் அக்கா திடீரென்று முழந்தாளிட்டுச் சிலுவை போட்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கிழவிக்கு என்ன தோன்றியதோ, படத்தைச் சும்மா எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டாள்.

பழைய இத்தாலிய ஓவியங்களின் பாணியில் வரைந்த படம். இடுப்புவரை தெரிகிற ஒரு பெண். செம்பட்டைத் தலைமுடி அவிழ்ந்து தோளில் கிடக்கிறது. ஒரு தோளில் துணியில்லை. கண் கீழே பார்க்கிறது. இடது கையில் ஒரு சின்னப் பரணி, மூடியுள்ள சாடி. வலது கை விரல்கள் அதன் மூடியைக் கொஞ்சமாகத் தூக்கியிருக்கின்றன. பரணியிலிருந்து கருமையாக ஏதோ ஆவி மாதிரி எழும்பி இருட்டுக்குள் போகிறது. கத்தோலிக்கர் வீட்டில் பிறந்த யாருக்கும் இது யாரென்று சொல்லத் தேவையில்லை. அவிழ்ந்த கூந்தலும் பரிமளத் தைலப் பரணியும் யாருக்கு உரியவை? எங்கள் கோயிலிலும் யேசுவின் பாதத்தில் தைலம் பூசிய மதலேனம்மாளின் சுரூபம் இப்படித்தான் நின்றது. ஆவி, தைலத்தின் வாசம் என்று அக்கா சொன்னாள். எங்களுக்கும் அப்படித்தான் தெரிந்தது. தோள் தெரிகிறது என்று வெள்ளை லேஸ் ஒன்றைக் குண்டூசியால் குத்தி மூடினாள். ஹோலில் ரெலிபோன் மேசைக்கு மேலே மாட்டி மெழுகுதிரி கொளுத்தினாள்.

மாதாவிடமும் காணாமற்போனதைத் தேடித் தருகிற அந்தோனியாரிடமும் போகாமல் ஏன் மதலேனம்மாளைப் பிடித்தாள் என்று நான் கேட்டேன். அக்கா என்னைப் பேய்ச்சியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"கல்லறைக்கு யேசுவின்ர பிரேதத்தைத் தேடிக்கொண்டு போனவ ஆர்? அங்கை பிரேதம் இல்லை. இருந்துகொண்டு அழுதவ. அவவுக்குத்தானே முதல்லை சொன்னது, உயிரோடை இருக்கிறார் எண்டு."

வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அக்கா செபமாலை சொல்லத் தொடங்கினாள். கட்டடத்திலிருந்து நாலைந்து பெண்கள் வந்தார்கள். அவர்களிலும் இரண்டு பேருக்குப் பிள்ளைகளைக் காணவில்லை. மகனுக்கு ஒரு இளைப்பாற்றிப் பூசை குடுங்கோ என்று ஊரிலிருந்து பங்குச் சுவாமி எழுதியபோது, அக்கா அந்தக் கடிதத்தைக் குப்பையில் போட்டாள். இளைப்பாற்றிப் பூசை செத்தவர்களின் ஆத்துமத்துக்குக் கொடுப்பது. அவள் அழவில்லை. இரவில் நித்திரை இல்லை, சாப்பாடு கோழி கொறித்த மாதிரி. ஆனால் நிமிர்ந்து நின்றாள். படத்திலிருந்த அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

ஏதோ இங்கிலிஷ் கடிதம் விளங்கவில்லை என்று என் கணவர் கியூ.சி. அண்ணையை ஒருநாள் வீட்டுக்குக் கூட்டிவந்தார். அவர் உள்ளே வந்து செருப்பைக் கழற்றினார். நிமிர்ந்தார். படத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார்.

நான் அவரைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனேன் என்றுதான் சொல்ல வேண்டும். அக்கா குளியலறையில் இருந்தாள்.

"என்ன அண்ணை? என்னெண்டாலும் எனக்குச் சொல்லுங்கோ. அவவுக்குச் சொல்லாதேங்கோ."

"உது மதலேனா இல்லை, தங்கச்சி."

"ஆராயிருந்தால் எங்களுக்கென்ன?"

"கிரேக்கக் கதையிலை வாற பொம்பிளை. நல்ல கதை இல்லை."

"உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். அக்காவுக்கு இருக்கிறது அது ஒண்டுதான். அதைக் கழட்டினால் அவ விழுந்துபோடுவா."

கன நேரம் யோசித்தார். அந்த மனிதர் ஒரு விஷயத்துக்கு அவ்வளவு நேரம் யோசித்து நான் கண்டதில்லை. "நானாய்ச் சொல்லமாட்டன்" என்றார். "ஆனா அவ கேட்டா, பொய் சொல்லமாட்டன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பிறகு எத்தனையோ தரம் வந்தார். படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவார். தேத்தண்ணி குடிப்பார், போவார். அக்காவுக்கும் அவருக்கும் நல்ல ஒட்டு. அவர் அவளுக்காகக் கொழும்புக்கும் ஜெனிவாவுக்கும் மனு எழுதினார். அதில் அக்கா சொன்னதைவிட ஒரு சொல் கூட்டியும் எழுதமாட்டார். "தம்பி எழுதினால் அதிலை உண்மை மட்டும்தான் இருக்கும், அதை வாசிக்கிறவங்களுக்கு விளங்கும்" என்று அக்கா சொல்லுவாள். எனக்குப் பயம் விட்டுப்போனது. அதுதான் பிழையாய்ப் போனது.

ஒரு வெள்ளிக்கிழமை. செபமாலை முடிந்து மற்றப் பெண்கள் போய்விட்டார்கள். அவர் மனுவில் கையெழுத்து வாங்க வந்து வழமைபோல முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நான் றோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தேன். அக்காவின் குரல் கேட்டது.

"தம்பி, நீங்கள் சைவக்காரர், கும்பிட வேண்டாம். ஆனா ஒருக்காலும் மதலேனம்மாளின்ர முகத்தைப் பாக்கிறியளில்லை. ஏன்?"

நான் அடுப்பை நிறுத்திவிட்டு ஓடினேன். அவர் எழுந்து நின்றிருந்தார்.

"உவா மதலேனம்மாள்தானே?" என்று அக்கா கேட்டாள்.

"அண்ணை" என்றேன் நான்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "இல்லை அக்கா. உவாவின்ர பேர் பண்டோரா. கிரேக்கரின்ர கதை. அவையின்ர கடவுள்மார் மனுசரிலை கோவிச்சுக்கொண்டு செய்து அனுப்பின முதல் பொம்பிளை. கையிலை ஒரு பரணி குடுத்து, திறக்கக்கூடாது எண்டு சொல்லி விட்டவங்கள். அவ திறந்துபோட்டா. நோய், பஞ்சம், சண்டை, சாவு எல்லாம் அதுக்குள்ளை இருந்துதான் வெளியிலை வந்து உலகம் முழுக்கப் பரவினதாம்."

"இது தைலத்தின்ர வாசம்" என்றாள் அக்கா.

"வடிவாய்ப் பாருங்கோ. செட்டை இருக்கு. முகம் இருக்கு."

நாங்கள் பார்த்தோம். கறுத்துப்போன வார்னிஷுக்குள் சின்னச் சின்ன இறகுகள் தெரிந்தன. பல்லைக் காட்டுகிற முகங்கள் தெரிந்தன. வருடக்கணக்காகப் பார்த்த படம். அந்த நிமிஷத்துக்குப் பிறகு அவை மட்டும்தான் கண்ணில் பட்டன. நான் எவ்வளவு முயன்றும் திரும்ப அதை ஆவியாகப் பார்க்க முடியவில்லை. அவர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் உள்ளே நின்ற ஒருநாள் படத்தைத் திருப்பிப் பார்த்தாராம், பின்னால் கிழிந்த கடதாசித் துண்டு ஒன்று ஒட்டியிருந்ததாம். இத்தாலியில் இருந்த ஒரு பெரிய ஓவியரின் பெயர் அதில் இருக்கிறதாம். ஆனால் அவர் கீறியதில்லையாம், அவருடைய வழியில் போன யாரோ ஒரு பேர் தெரியாதவன் கீறியதாம். அதையும் சொல்லாமல் விட இந்த மனிதரால் முடியவில்லை.

அக்கா அதைக் காதில் வாங்கவில்லை.

"எல்லாம் வெளியிலை போன பிறகு?"

"என்ன அக்கா?"

"பரணிக்குள்ளை பிறகு ஒண்டும் இருக்கேல்லையோ?"

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு ரெலிபோனைப் பார்த்தார்.

"ஒண்டும் இல்லை அக்கா" என்றார்.

மெழுகுதிரியை அக்காதான் ஊதி அணைத்தாள். கதிரையில் ஏறிப் படத்தைக் கழற்றி, லேஸைப் பிரித்து மடித்து வைத்துவிட்டு, படத்தை அலுமாரிக்குப் பின்னால் முகம் சுவரைப் பார்க்கச் செருகினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இருந்து வரும்போது காருக்குள் சொன்னாள்.

"சுவாமியிட்டைச் சொல்லி ஒரு பூசைக்கு ஒழுங்கு செய்."

"ஆருக்கு அக்கா?"

"என்ர பிள்ளைக்கு."

இளைப்பாற்றிப் பூசை நடந்தது. அன்றைக்குத்தான் அக்கா முதன்முதலாக அழுதாள். கியூ.சி. அண்ணை கோயிலுக்கு வந்து கடைசி வாங்கு வரிசையில் நின்றார். நான் அவரோடு பேசவில்லை. அதற்குப் பிறகு அக்கா நன்றாகச் சாப்பிட்டாள், விடிய விடிய நித்திரை கொண்டாள். ரெலிபோன் அடித்தால் அடித்தபடி கிடந்தது. என் மகள் மணிக்கணக்கில் கதைத்தாலும் ஒன்றும் சொல்லமாட்டாள். கட்டடத்துப் பெண்கள், "அவர் செய்தது நல்லதுதான், மனுசி இப்பதான் மனுசியாய் இருக்கிறா" என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒன்றுக்கும் காத்திராத ஒரு பெண்ணோடு ஒரே வீட்டில் இருந்து பாருங்கள், தெரியும்.

என் மகள் அப்போது ஹைஸ்கூல். அலுமாரியைத் துடைக்கும்போது படத்தை இழுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "மம்மி, பெரியம்மா ஏன் பண்டோராவை ஹைட் பண்ணி வைச்சிருக்கிறா?"

நான் காரணத்தைச் சொன்னேன்.

"பட் மம்மி, அது எண்ட் இல்லையே. எல்லாம் பறந்து போன பிறகு ஹோப் மட்டும் உள்ளுக்கை இருக்கும். நம்பிக்கை. தட்ஸ் த ஹோல் பொயின்ற்."

நான் அப்படியே மேல்மாடியில் கியூ.சி. அண்ணையின் வீட்டுக்கு ஏறிப் போனேன். அவர் கதவைத் திறந்தார். உள்ளே வரச் சொன்னார். நான் வாசலிலேயே நின்றேன்.

"பரணிக்குள்ளை கடைசியிலை நம்பிக்கை இருந்ததாமே. உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியும்."

"அப்ப ஏன் இல்லை எண்டு சொன்னனீங்கள்? நீங்கள்! செத்தவீட்டிலை எழும்பிப் பதில் எண்டு சொன்ன ஆள்!"

அவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். "அதைச் சொன்னால், அவ சாகும்வரைக்கும் அந்த ரெலிபோனுக்குப் பக்கத்திலைதான் இருப்பா. என்னாலை அதைப் பாக்க முடியேல்லை, தங்கச்சி. வாழ்க்கையிலை ஒருக்கால் இரக்கப்பட்டனான்."

இரக்கப்படுவதற்கு அவருக்கு வேறு நாள் கிடைக்கவில்லை. பனிக்குள் போன அந்தக் கைக்குழந்தையில் வராத இரக்கம், நாலாம் மாடி விதவையில் வராத இரக்கம், என் அக்காவிடம் வந்து அவளுடைய கடைசிப் பிடியைப் பிடுங்கியது. நான் இதை அவருடைய முகத்துக்கு நேரே சொன்னேன். நான் அவரை மன்னிக்கவில்லை.

அந்த வருடம் முடிகிற நேரத்தில், வன்னியிலிருந்து புதிதாக வந்த ஒருவர் பலசரக்குக் கடையில் வைத்து என் கணவரிடம் ஒரு கதை சொன்னார். தெற்கில் ஒரு தடுப்புக் காம்பில் தான் இருந்தபோது, தீவுப்பகுதிப் பெடியன் ஒருவன் பக்கத்து அறையில் இருந்தான். அக்காவின் மகனின் பெயரையே சொன்னார். முன்பல் ஒன்று பாதி உடைந்தது என்றார். எங்கள் பெடியனுக்கும் அப்படித்தான். இப்படிச் சொல்லிக் காசு கறக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். கதை சொன்ன மனிதர் காசு ஒன்றும் கேட்கவில்லை. மனு போட்டால் விசாரிப்பார்கள், ஆனால் தாய் கையெழுத்து வைக்க வேண்டும் என்றார்.

நான் ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"அவனுக்குப் பூசை குடுத்தாச்சு."

"அக்கா, உடைஞ்ச பல்லைச் சொல்லுறாரே!"

"உடைஞ்ச பல்லு ஆருக்கு இல்லை? செத்தவனை எழுப்பாதை."

கெஞ்சினேன். கத்தினேன். மனுக் கடதாசியைக் கொண்டுபோய் முன்னால் வைத்தேன். கையால் தள்ளிவிட்டாள். கடைசியில் நான் படியேறி, பேசாமல் விட்ட அந்த மனிதரின் கதவைத் தட்டினேன்.

"நீங்கள் சொன்னதைத்தான் அவ நம்பிக்கொண்டு இருக்கிறா. நீங்களே வந்து மிச்சத்தைச் சொல்லுங்கோ."

அவர் சட்டையைக்கூட மாற்றாமல் வந்தார். அக்காவுக்கு முன்னால் கதிரையின் விளிம்பில் உட்கார்ந்தார். அலுமாரிக்குப் பின்னாலிருந்து நான் படத்தை எடுத்துவந்து நிமிர்த்தி வைத்தேன். அவர் அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"அக்கா, அண்டைக்கு நான் உங்களுக்குப் பொய் சொன்னனான். அந்தப் பரணிக்குள்ளை ஒண்டு மிஞ்சி இருந்தது. எல்லாம் பறந்து போன பிறகு அவ மூடியைத் திரும்பப் போட்டா. நம்பிக்கை உள்ளுக்குள்ளை நிண்டிட்டுது. அதுதான் கதையின்ர முடிவு. சத்தியமாய் அதுதான். நீங்கள் கையெழுத்து வையுங்கோ அக்கா."

அக்கா படத்தைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள். கட்டடத்தில் யாரும் அவரை அவ்வளவு அன்போடு பார்த்ததில்லை.

"தம்பி, என்ர தங்கச்சி உங்களைக் கூட்டிக்கொண்டு வந்து சொல்லச் சொன்னவ, என்ன? எனக்கு விளங்குது. உங்களுக்கு நல்ல மனம். ஆனா எனக்காகப் பொய் சொல்லப் பழகாதேங்கோ. உங்களுக்கு அது வரேல்லை."

கடதாசி மேசையில் கையெழுத்தில்லாமல் கிடந்தது. அக்கா அவருக்குத் தேத்தண்ணி போட எழுந்து போனாள்.